அவர்கள் உன்னைக் கூப்பிடுகிற பெயர்

அன்புள்ள கோமதிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று தொடங்கினால் நீ நம்பமாட்டாய், முழங்கால் நோவைப் பற்றித்தான் முதலில் கேட்பாய். அது இருக்கிறது. மற்றதெல்லாம் சுகம். நேற்றுப் பின்னேரம், விசா அலுவலாகப் போன நீ, கொழும்பிலிருந்து போன் எடுத்துக் கேட்ட கேள்விக்கு "யோசிச்சுச் சொல்லுறன்" என்று போனை வைத்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். சில கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்ல எனக்கு வராது. தொடங்கினால் உன்னைத் திட்டிவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன், இரண்டும் உனக்குப் பிடிக்காது. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், அதற்கு நீயே என்னைப் பழக்கி வைத்திருக்கிறாய். உன்னைப் போல வேலை தேடி அலைகிற பிள்ளைகளுக்கு நீ இதைக் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. திட்டு வருகிற இடங்களை மட்டும் விரலால் மறைத்துக்கொள்.

நீ கேட்டது இதுதான். "அம்மா, இவ்வளவு நாளும் கொம்பனியில அப்பாட பேரச் சொல்லித்தான் என்னக் கூப்பிட்டாங்க. இப்ப அவங்கட நாட்டுக்குப் போகப்போறன் எண்டதும் கேக்காங்க, உங்கள எப்படிக் கூப்பிடணும், கழுத்தில போடுற அட்டையில என்ன பேர் எழுதணும் எண்டு. என்ட பேர மாத்திக் குடுக்கவா, இப்படியே விடவா? திங்கட்கிழமைக்குள்ள சொல்லணும்." பாஸ்போட்டில் இருப்பது அப்படியே இருக்கும், கூப்பிடுகிற பேர் மட்டும்தான் என்றும் சொன்னாய். உனக்கு அது சின்ன விஷயம். நம் ஊர்ப் பிறப்புச் சான்றிதழில் அப்பா பேர் முன்னுக்கும் பிள்ளை பேர் பின்னுக்கும் வரும். வேலை தேடுகிற அந்த இணையத்தளத்தில் முதற்பேர், கடைசிப்பேர் என்று இரண்டு கட்டங்கள் இருந்திருக்கின்றன. நீ அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் உள்ள ஒழுங்கிலேயே எழுதினாய். அன்றிலிருந்து உலகம் முழுக்க உனக்கு உன் அப்பாவின் பேர் ஆகிவிட்டது. அதை மாற்றுவதா விடுவதா என்று நீ என்னிடம் கேட்டபோது ஏன் என் வாய் அடைத்தது என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதப்போகிறேன்.

வேலை தேடுவது என்றால் எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. நீ பட்டம் முடித்து வந்த கையோடு அதைத் தொடங்கிவிட்டேன். கிரான் பக்கத்துப் பட்டிகளிலிருந்து வருகிற எருமைத்தயிரில் நல்ல இறுக்கமான சட்டியாகப் பார்த்து எடுத்து, வாயைத் தாளால் கட்டி, டவுனில் இருந்த அந்தப் பெரிய மனிதரின் வீட்டுக்குக் கொண்டுபோவேன். பேர் வேண்டாம், உனக்குத் தெரியும். அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு மூன்று கேள்விதான் கேட்பார்: எந்த ஊர், ஆர்ட மகள், ஆர் அனுப்பின? நான் பதில் சொல்வேன். "பாப்பம்" என்பார். அடுத்த மாதம் திரும்பவும் ஒரு சட்டி, திரும்பவும் ஒரு பாப்பம். அவர் வீட்டுப் பிள்ளைகள் நம் தயிரைத் தின்று கொழுகொழு என்று வளர்ந்தார்கள். வெறும் சட்டியைக்கூட அந்த வீட்டில் திருப்பித் தந்ததில்லை. ஆனாலும் நான் நம்பினேன். அரசாங்க உத்தியோகம், மாதம் பிறந்தால் சம்பளம், வயது போனால் பென்சன், கல்லடியில் இருந்தே பாலத்தைத் தாண்டிப் போய் வரலாம். ஒரு தாய்க்கு வேறு என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

நீயோ கிணற்றடி முருங்கைக்குக் கீழே கதிரையைப் போட்டு, நம் வீட்டில் சிக்னல் பிடிக்கிற ஒரே இடம் அதுதான் என்று, போனும் கையுமாக இருந்தாய். "படம் பாக்கியா?" என்று கேட்டால் "படிக்கிறன்" என்பாய். பட்டம் எடுத்த பிறகும் என்ன படிப்பு என்று எனக்கு எரிச்சல். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். எங்கோ ஒரு நாட்டில் ஒரு மனிதன் கரும்பலகைக்கு முன்னால் நின்று பாடம் நடத்துகிறான், நீ அவனுக்குத் தலையாட்டுகிறாய். காசு கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை, பாடத்தை அள்ளி அள்ளிக் கொடுக்கிறான். புவியியல் படித்தவள், வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து வரைபடம் கீறுவதை அங்கேதான் கற்றுக்கொண்டாய். அன்று நான் "உப்புப் போட மறந்திராத" என்று ஏதோ சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன். உண்மையில் எனக்கு மேல் புல்லரித்திருந்தது. முருங்கை மரத்தடியில் ஒரு பல்கலைக்கழகம் வந்து இறங்கியிருப்பதை நான் எப்படி உன்னிடம் வியந்து சொல்வது? ஏற்கனவே திட்டிவிட்டேனே.

உன் சீவி, அதுதான் வேலைக்கு அனுப்புகிற தன்விவரம், அதன் கதை உனக்கு ஞாபகம் இருக்கும். முதலில் எழுதியது நாலு பக்கம். சமயம், திருமணமாகாதவள், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் புள்ளி, கோயில் தலைவரின் நற்சான்று, அதிபரின் நற்சான்று, கிராம சேவகரின் நற்சான்று எல்லாம் இருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பிறகு இணையத்தில் ஆரோ எழுதி வைத்ததை வாசித்துவிட்டு ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினாய். சமயம் போனது. பிறந்த திகதி போனது. கோயில் தலைவரும் போனார். கடைசியில் ஒரே ஒரு பக்கம். "இதென்ன மனே, நீ ஆரெண்டே இதில இல்லயே" என்று கேட்டேன். "நான் ஆரெண்டு அவங்களுக்குத் தேவையில்லம்மா. என்னால என்ன செய்ய ஏலும் எண்டுதான் அவங்களுக்குத் தெரியணும்" என்றாய். எனக்குக் கோபம் வந்தது. ஆள் யார் என்று தெரியாமல் எப்படி வேலை கொடுப்பார்கள்? பெண் பார்க்கப் போனாலும், பிணம் தூக்கப் போனாலும் ஆர்ட மகள், ஆர்ட மகன் என்று கேட்கிற ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான்.

உன் மாமா அனுப்பிய அந்தக் கனடா விளம்பரத்தையும் இங்கே எழுதவேண்டும், மற்றப் பிள்ளைகளுக்கு உதவும். பெட்டியில் பழம் அடுக்குகிற வேலை, ஆங்கிலம் தேவையில்லை, உடனே விசா, முன்பணம் மட்டும் கட்டினால் போதும். பளபள என்று ஒரு கொடியும் கூட. என் அண்ணன் அதை உனக்கு அனுப்பிவிட்டு, "பிள்ளைய வெளிக்கிடச் சொல்லு" என்று எனக்குப் போன் எடுத்தும் சொன்னார். நான் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரமே கொளுத்திவிட்டேன். நீ இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. அந்தக் கொம்பனிக்குச் சொந்தமாக இணையத்தளம் இருக்கிறதா, விளம்பரத்தில் போட்டிருந்த முகவரி அதன் முகவரிதானா, அதே விளம்பரத்தை வேறு ஊர்களிலும் வேறு பேர்களில் போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாய். பிறகு, "அம்மா, வேலை தாறவன் நமக்குக் காசு தருவான். நம்மளிட்டக் காசு கேக்கிறவன் வேலை தரமாட்டான்" என்றாய். மாமாவுக்கு அதை விளங்கப்படுத்தியது நான்தான். அவர் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் பொல்லாதவை. நீ எழுதிக்கொண்டே இருந்தாய், பதில்களும் வந்துகொண்டே இருந்தன. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு சொல்லை நானாகவே படித்துக்கொண்டேன். அந்தச் சொல் எங்கே வந்தாலும் உன் முகம் இருண்டுவிடும். ஒரு தரம் கேட்டேன், "அன்ஃபோர்ச்சுனேட்லி" என்று வாசித்துக் காட்டினாய். அப்புறம் நீ கடிதத்தைத் திறக்கும்போதே உனக்குப் பின்னால் நின்று அந்த நீண்ட சொல் இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் போய்த் தேத்தண்ணி போடுவேன். நீ என்ன செய்தாய் தெரியுமா? அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, அந்தக் கொம்பனிக்கே நன்றி சொல்லிப் பதில் எழுதினாய். வேண்டாம் என்று சொன்னவனுக்கு நன்றி எழுதுகிற பிள்ளையை நான் எந்த நாளும் கண்டதில்லை. அந்தப் பெரிய மனிதருக்கு நான் அப்படி ஒரு கடிதம் எழுதுவதானால் வேறு சொற்கள் போட்டிருப்பேன்.

ஒரு நாள், மழை விட்ட காலை, நீ என்னைக் கூப்பிட்டாய். "அம்மா, இஞ்ச வந்து பாருங்க." லாப்டொப்பில் பச்சையும் பழுப்புமாக ஏதோ தெரிந்தது. "என்னத்தப் பாக்கிற?" என்றேன். "நம்மட வாவி" என்றாய். எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறந்த நாள் தொட்டு நான் வாவியை ஏதோ ஒரு கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் அது முழுவதையும் பார்த்தேன். வடக்கிலிருந்து தெற்காக அப்படி ஒரு நீட்டு, களுவாஞ்சிக்குடியையும் தாண்டிப் போகிறது. கல்லடிப் பாலம் ஒரு நூல். நம் வீடு இருக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டினாய், ஒரு புள்ளிகூட இல்லை. கடவுள் மட்டும் பார்க்கிறது என்று நினைத்திருந்ததை, என் மகள் குசினி மேசையில் வைத்து எனக்குக் காட்டுகிறாள். பிறகு மெதுவாகக் கேட்டேன், கிரான் தெரியுமா என்று. நீ படத்தை நகர்த்தினாய். அப்பா தயிர் எடுக்கப் போய்வந்த வழி, எருமைகள் படுக்கிற குளம், அதற்கு அங்கால் வயல்கள் எல்லாம் சேர்ந்த அந்தப் பெரிய வட்டை. ஒவ்வொரு வயலின் வரம்பையும் நீ விரல் நுனியால் கீறிக்கொண்டிருந்தாய். வேலை கொடுப்பவர்களுக்குக் காட்டச் செய்த வேலை ஒன்று வேண்டும், அதற்கு நம் வட்டையைக் கீறுகிறேன் என்றாய்.

அந்த வரைபடத்தை நீ இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டு வைத்தாய். வேலைகளைத் தேடித் தருகிற அந்தத் தளம் அதுவரை உனக்குச் சொன்ன வேலைகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு நாள் கட்டாரில் பாரம் ஏற்றுகிற லொறி ஓட்டச் சொன்னது, இன்னொரு நாள் மீன் பெட்டி அடைக்கச் சொன்னது. நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு ஒரு விடியற்காலை நீ ஓடி வந்தாய். வானத்துப் படங்களைப் பார்த்து வயல் வரம்பு கீறத் தெரிந்தவர்கள் தேவை, வீட்டில் இருந்தபடியே செய்யலாம், கொம்பனி இருப்பது ஒல்லாந்தில். "அம்மா, இது என்னையேதான் கூப்பிடுது" என்றாய். ஒல்லாந்தர் கப்பலில் வந்து நம் ஊரில் கோட்டை கட்டிவிட்டுப் போனார்கள், இப்போது வேலைக்கு ஆள் தேடியும் வருகிறார்கள் என்று நான் பகிடி பண்ணினேன். ஆனால் அவர்கள் உன்னோடு கதைக்க நாள் குறித்தபோது எனக்குப் பகிடி போய்விட்டது. அதே நாள், அதே நேரம், உன்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அந்தப் பெரிய மனிதரும் ஆள் அனுப்பியிருந்தார். இவ்வளவு காலத்துப் பாப்பமும் அன்றைக்குத்தான் பழுத்தது. நீ வரமாட்டேன் என்றாய். நான் உன்னைத் திட்டிய திட்டு பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கும். முகம் தெரியாத வெள்ளைக்காரனை நம்பி, கைக்கு வந்த உத்தியோகத்தை விடுகிறாயா என்று கேட்டேன். நீ தலையைச் சீவிக்கொண்டிருந்தாய்.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. அதற்கு முதலில் ஒரு பழைய கதை. என் காலத்துப் பெண்கள் கட்டியவனின் பேரைச் சொல்லமாட்டோம். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்கள், நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை, வாய் அப்படியே பழகிவிட்டது. நீ முதலாம் வகுப்பில் சேர்ந்த அன்று பள்ளிக்கூடக் கந்தோரில் இருந்த மிஸ், "தகப்பன்ட பேர்?" என்று கேட்டா. அப்பா வெளியே மோட்டார் சைக்கிளை நிழலில் விடப் போயிருந்தார். நான் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, "தேத்தண்ணிக்குப் போடுறத முன்னுக்கு எழுதுங்க மிஸ். அண்ணனுக்குப் பிறகு பிறக்கிறவன அதுக்குப் பின்னால எழுதுங்க" என்றேன். அவ சிரித்துக்கொண்டே சரியாக எழுதினா. வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குச் சொன்னேன். "தேயிலையும்தானே தேத்தண்ணிக்குப் போடுற. மிஸ் அத எழுதியிருந்தா என்ட கெதி என்ன?" என்று அவர் சிரித்த சிரிப்பில் தயிர்ச்சட்டி ஒன்று கவிழ்ந்தது. நீ ஏழாம் வகுப்பில் இருக்கும்போது நெஞ்சுநோவு வந்து அவர் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் கிரியையில் ஐயர் அந்தப் பேரைச் சொன்னார். அதோடு அந்தப் பேர் இந்த வீட்டில் நின்றுபோனது. ஊருக்கு அவர் தயிர்க்காரர், உனக்கு அப்பா, எனக்கு "இஞ்சாருங்க". பேர் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

ஒல்லாந்துக்காரர் உன்னோடு கதைத்த அன்று நான் சேலை உடுத்து, அந்தப் பெரிய மனிதரிடம் தனியாகவாவது போய்ச் சமாளிப்போம் என்று தயிர்ச்சட்டியும் கையுமாக வெளிக்கிட்டேன். நீ முன்னறையில் கதவைச் சாத்தாமல் லாப்டொப்புக்கு முன்னால் இருந்தாய். நான் செருப்பைப் போடக் குனிந்தபோது ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "குட் மோர்னிங்" என்றது. அடுத்து உன் அப்பாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. அந்த நாட்டு நாக்கில் பேர் கொஞ்சம் நீண்டு வந்தது, ஆனால் அதே பேர், முழுப் பேர், என் வீட்டுக்குள், சத்தமாக. நான் நிமிர்ந்தேன். என்னை அறியாமல் முந்தானையை இழுத்துத் தோளை மூடினேன். என்னை அறியாமல் வாசல் படலையைப் பார்த்தேன், மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறதா என்று. பைத்தியக்காரி என்று நீ சிரிக்கலாம். எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிற ஒருத்தி, என் மனிசனைக் கண்டிராதவள், அவர் இருந்தாரா செத்தாரா என்று தெரியாதவள், அவரைச் சுகம் விசாரிக்கிறாள். நீ "குட் மோர்னிங்" என்று பதில் சொன்னாய். நான் சட்டியை நிலத்தில் வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் அப்படியே குந்திவிட்டேன். பெரிய மனிதரின் வீட்டுக்கு நான் போகவில்லை. பஸ் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய்.

அவர்கள் என்ன கேட்டார்கள் என்று பிறகு நீ சொன்னாய். கிரான் வட்டையில் ஒரு வரம்பை ஏன் வளைத்துக் கீறினாய் என்று கேட்டிருக்கிறார்கள், தெரியாத இடத்தில் எப்படி முடிவெடுப்பாய் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு கேள்விக்கு நீ தெரியாது என்று சொல்லியிருக்கிறாய். நேர்முகப் பரீட்சையில் தெரியாது என்று சொல்கிற பிள்ளையா என்று நான் தலையில் கை வைத்தேன். நீ அவர்களுக்குப் பிடித்துப் போனதே அதனால்தான் என்று பிறகு தெரியவந்தது. எந்த ஊர், ஆர்ட மகள், ஆர் அனுப்பின என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை நினைக்க நினைக்க எனக்கு இப்போதும் ஆச்சரியம் தீரவில்லை. ஆர்ட மகள் என்று கேட்காமலே வேலை கொடுத்தார்கள். கொடுத்தவர்களோ ஒவ்வொரு முறையும் அந்த மகளின் தகப்பனைத்தான் கூப்பிட்டார்கள்.

வேலைக் கடிதம் வந்த நாளில் அந்த நீண்ட சொல்லைத் தேடினேன், இல்லை. பிறகு தொடங்கியதுதான் உன் மத்தியானக் கூட்டம். அவர்களுக்கு அப்போது காலை, நமக்குச் சோறு தின்கிற நேரம். ஒவ்வொருவராகக் குட் மோர்னிங் சொல்வார்கள். உன் முறை வரும்போது அந்தப் பேர் வரும். அந்த நேரம் பார்த்து நான் முன்னறையைக் கூட்ட வருவது உனக்குக் கரைச்சலாக இருந்தது, "அம்மா, கமெராவுக்குள்ள வாறீங்க, அங்கால போங்க" என்று கையால் காட்டுவாய். மகள் என்ன செய்கிறாள் என்று வேவு பார்க்க வருகிறேன் என்று நினைத்தாய். அறை ஏற்கனவே கூட்டித்தான் இருந்தது மனே. நான் அந்தப் பேரைக் கேட்க வந்தேன். ஒரு வருசமாக மத்தியானச் சோற்றுக்கு முன் அதைக் கேட்டுவிட்டுத்தான் நான் தின்றேன்.

இப்போது அவர்கள் உன்னைத் தங்கள் கந்தோருக்கே வந்து வேலை செய்யக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிற இடத்தில் எப்படி இருக்கவேண்டும் என்று உனக்குச் சொல்ல எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் தாய் என்றால் ஏதாவது சொல்லத்தானே வேண்டும். வேலை கிடைத்துவிட்டது என்று வேலை தேடிய அந்தத் தளத்தைப் பூட்டிவிடாதே. நீ கீறுகிற ஒவ்வொரு நல்ல வரைபடத்தையும், அவர்கள் அனுமதித்தால், முன்போலப் போட்டு வை. மாதத்துக்கு ஒரு தரமாவது வேறு என்ன வேலைகள் இருக்கின்றன, அவற்றுக்கு என்ன படிப்புக் கேட்கிறார்கள் என்று பார், போவதற்கு இல்லாவிட்டாலும் நீ எங்கே நிற்கிறாய் என்று தெரியும். அந்த முருங்கையடி வாத்தியாரைப் போல ஆராவது பாடம் நடத்தினால் தலையாட்டிக்கொண்டே இரு. நம் ஊர்ப் பிள்ளைகள் உனக்கு எழுதிக் கேட்கிறார்கள் அல்லவா, அவர்களுக்குப் பதில் எழுது. பாப்பம் என்று மட்டும் எழுதாதே. ஏலுமென்றால் ஏலும், ஏலாதென்றால் ஏலாது என்று எழுது. அங்கே குளிராம், காதை மூடு.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நேற்று நீ கேட்டதும் எனக்கு முதலில் வந்த பதில், விடு, அப்படியே விடு, மாற்றாதே என்பதுதான். அதைச் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் போனை வைத்தேன். நீ போனால் மத்தியானக் கூட்டம் இந்த வீட்டை விட்டுப் போகிறது, அதோடு அந்தப் பேரும் போகிறது. இங்கே கேட்காவிட்டாலும் அங்கேயாவது அதை ஆரோ சொல்லிக்கொண்டிருக்கட்டும் என்று நெஞ்சு கிடந்து அடித்தது. விடிய விடிய யோசித்துப் பார்த்தேன். அந்த வட்டையைக் கீறியது நீ. முருங்கை மரத்தடியில் வெந்தது நீ. அந்த நீண்ட சொல்லை வாங்கி வாங்கி விழுங்கியதும் நீ. அவ்வளவும் செய்த பிள்ளையை ஒருவரும் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடவில்லை என்றால் அது அநியாயம். உன் பேரை வைத்தது ஆர் என்றும் நினைத்துப் பார்த்தேன். நான் டிலக்ஷனா என்று வைக்கக் கேட்டேன், அப்பாதான் கோமதி என்று பிடிவாதமாக நின்றார். எருமைப்பட்டிக்குப் போகிறவன் பசுவுக்கு ஏற்ற பேர் வைக்கிறான் என்று மாமா கேலி பண்ணினார், அப்பா அசையவில்லை. பிறந்து ஒரு கிழமைகூட ஆகாத உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு, வளவு முழுக்க நடந்து, கோமதி, கோமதி என்று கூப்பிட்டுப் பார்த்தார். நீ பெரிய ஆளாகி ஊர் உலகமெல்லாம் அப்படிக் கூப்பிட வேண்டும் என்றுதானே கூப்பிட்டுப் பார்த்தார்.

ஆகவே மாத்து மகள். திங்கட்கிழமை வரைக்கும் வைத்திருக்காதே, இன்றைக்கே எழுதிக் கொடு. கழுத்து அட்டையில் கோமதி என்று பெரிதாகப் போடச் சொல். அவர்கள் சரியாகச் சொல்லும் வரைக்கும் விடாதே, திருத்து. உன் அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. அவருடைய பேரைச் சொல்ல நான் இங்கே இருக்கிறேன். வாயால் வர எனக்கு இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும் போலிருக்கிறது, இன்று காலையில் இரண்டு தரம் தொடங்கி இரண்டு தரமும் "இஞ்சாருங்க" என்றுதான் வந்தது. முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
சீனித்தம்பியின் பெண்சாதி,
உன் அம்மா.